மூன்றாவது விசில்

மாடி அறை,
3-ஆம் தேதி, செவ்வாய்.

அனுப்புநர்: மீட்டர் ரீடிங் எடுப்பவர் (ஓய்வு), மாடி.
பெறுநர்: தையல்காரர், கீழ்த்தளம்.
பொருள்: தனிச் சமையல் தொடங்கியது – தொடர்பாக.
பார்வை: ஞாயிறு பிற்பகல் தாங்கள் சமையலறை வாசலில் நின்று போட்ட சத்தம்.

மதிப்பிற்குரிய அம்மையாருக்கு,

பார்வையில் கண்ட தங்கள் உத்தரவின்படி ("நாளையிலேர்ந்து நீங்களே பொங்கித் தின்னுங்க") நேற்று முதல் மாடி அறையில், கீழே இருப்பது போலவே, தனி இண்டக்‌ஷன் அடுப்பு வைக்கப்பட்டுள்ளது. இதை உனக்குச் சொல்லும்படி நம் மகளிடம் போனில் சொன்னேன். அவளோ, "நான் என்ன போஸ்ட்மேனாப்பா? பதினாலு படி எறங்க முடியலன்னா எழுதிக் குடுங்க" என்று வைத்துவிட்டாள். போனிலேயே எழுதலாம்தான். ஆனால் போனுக்குச் சார்ஜ் ஏற்ற வேண்டும். காகிதத்துக்குக் கரண்ட் வேண்டாம். பதில் இருந்தால் மாடிப்படிக் கம்பியில் துணிக் கிளிப்பால் மாட்டவும்.

விஷயத்துக்கு வருகிறேன். இந்த வீட்டில் மின்சாரத்தைச் சிக்கனமாகச் செலவு செய்யத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். சமையல் முடியும் முன்பே அடுப்பை அணைத்து, மிச்சச் சூட்டில் வேகவிடுவது என் முறை. ஞாயிறன்று மச்சான் சாப்பிட வந்தபோதும் அந்த முறைப்படிதான் குக்கரை மூன்றாவது விசிலில் அணைத்தேன். கடலை வேகாமல் போனதற்கும், அதைக் கடித்து மச்சானின் கட்டுப்பல் உடைந்ததற்கும் என் முறை காரணமல்ல. நீ கடலையை இரவே ஊறப்போடவில்லை. கடலை சரியில்லை. இதை நான் எல்லோர் முன்னாலும் சொன்னது உண்மைதான். உண்மையை வேறெங்கே போய்ச் சொல்வது?

மாடியை வாடகைக்கு விட்ட காலத்துச் சப்-மீட்டர் இருக்கிறது. முப்பதாம் தேதி இரண்டு மீட்டரையும் பார்ப்போம். உன் பிரிட்ஜுக்கும் தையல் மெஷினுக்கும் நியாயமாகக் கழித்துத் தருகிறேன். யார் அடுப்பு அதிகம் தின்றதோ அவர் மன்னிப்புக் கேட்க வேண்டும்.

இருபத்தொன்பது வருடம் வீடு வீடாக மீட்டர் பார்த்தவன் நான். என் பதிவேட்டில் ஒரு திருத்தம்கூடக் கிடையாது என்பதை நினைவூட்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
மாடி மின்நுகர்வோர்.


கீழ்த்தளம்,
4-ஆம் தேதி, புதன்.

அன்புள்ள ரீடிங் சாருக்கு,

தெருவே உங்களை அப்படிக் கூப்பிடும்போது நான் மட்டும் ஏன் விலக வேண்டும்? நான் சுகம். நீங்களும் சுகம் என்பதைக் காலையில் போட்ட ஏழு தும்மலிலேயே தெரிந்துகொண்டேன். உங்கள் கடிதத்தில் ஒரு வரி 'தாங்கள்', அடுத்த வரியிலிருந்து 'நீ'. மரியாதையிலும் சிக்கனமா?

ஞாயிற்றுக்கிழமை நடந்ததை நடந்தபடி நானும் எழுதி வைக்கிறேன். அண்ணனும் அண்ணியும் ஆறு வருடம் கழித்து நம் வீட்டுக்குச் சாப்பிட வந்தார்கள். கடலைக்கு ஆறு விசில் வைக்க வேண்டும். நான் முன் அறையில் அண்ணனிடம் பேசிக்கொண்டே காதைச் சமையலறையில் வைத்திருந்தேன். மூன்று விசில் வந்தது. நான்காவது வரவேயில்லை. அவர்களுக்குப் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. பேச்சில் கணக்கு விட்டுப்போனது போலிருக்கிறது என்று திறந்து பரிமாறிவிட்டேன். நீங்கள் பூனை மாதிரி போய் அடுப்பை அணைத்தது எனக்கு எப்படித் தெரியும்? கேட்டதற்கு, "மீதி மூணு விசிலை அடுப்புக் கண்ணாடியே குடுத்துரும்" என்றீர்கள். கண்ணாடி விசில் கொடுத்து நான் கேட்டதில்லை.

அதுகூடப் போகட்டும். அண்ணி முன்னால், "இவளுக்கு எப்பவுமே ஊறப்போடத் தெரியாது" என்றீர்களே. அண்ணன் உடைந்த பல்லை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, "பரவால்ல மாப்ள" என்றபோது எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. முப்பத்தொரு வருடம் சமைத்துப் போட்டவளுக்கு அந்த ஒரு வாய்ச் சொல்தான் மிச்சமா? கடலையை நான் ராத்திரியே ஊறப்போட்டேன். நன்றாகக் குறித்துக்கொள்ளுங்கள்: ராத்திரியே ஊறப்போட்டேன்.

கல்யாணமான புதிதில் நீங்கள் எனக்கு ஒன்று சொல்லிக்கொடுத்தீர்கள். ரீடிங்கைத் தப்பாக எழுதிவிட்டால் அழிக்கக் கூடாது. மேலே ஒரே ஒரு கோடு. பழையது தெரிய வேண்டும். பக்கத்தில் சரியானதை எழுதி, 'திருத்தப்பட்டது' என்று போட்டு, சுருக்கொப்பம் வைக்க வேண்டும். வேறு மாப்பிள்ளையாக இருந்தால் அந்த நேரத்தில் வேறு ஏதாவது பேசியிருப்பார். உங்கள் பதிவேட்டில் திருத்தம் இல்லாததற்கு வாழ்த்துகள். முப்பத்தொரு வருடமாக வீட்டிலும் ஒரு திருத்தம் இல்லையே, அதுதான் என் குறை.

பந்தயத்தில் யார் ஜெயித்தாலும் எனக்கு ஒன்றுமில்லை. நீங்கள் அண்ணனிடம், 'அணைத்தது நான்தான், என் தப்பு' என்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். தங்கை அவள் ஊரில் தையல் கடை போட்டதிலிருந்து, "அக்கா, நீ வந்து எங்கூடவே இருந்துரு" என்று கூப்பிடுகிறாள். முப்பதாம் தேதிக்குள் பதில் சொல்வதாகச் சொல்லியிருக்கிறேன். நீங்கள் சொல்லாவிட்டால் மெஷினோடு கிளம்பிவிடுவேன். இது சத்தமில்லை, முடிவு.

இப்படிக்கு,
கீழ்த்தளம்.

பி.கு.: இன்று காலை நீங்களும் நானும் ஒரே நேரத்தில் அடுப்பை முழு வேகத்தில் வைத்ததில் மெயின் சுவிட்ச் விழுந்துவிட்டது. அந்த அளவு சுமையை இந்த வீடு தாங்காது. காலையிலும் மாலையிலும் உங்களுக்கு ஆறரை, எனக்கு ஏழே கால் என்று வைத்துக்கொள்வோம்.


மாடி அறை,
6-ஆம் தேதி, வெள்ளி.

அம்மையாருக்கு,

நேர ஒதுக்கீடு ஏற்கப்பட்டது. தங்கை விஷயம் உன் சொந்த விருப்பம். அதில் நான் தலையிட முடியாது.

கடைக்காரன் எனக்குப் பழுதான அடுப்பை விற்றுவிட்டான் என்று தெரிகிறது. பால் பாத்திரத்தை வைத்தால் சுடுகிறது. சோற்றுக்குப் பரணில் இருந்த பழைய குக்கரை வைத்தேன். அடுப்பு 'E' என்று ஒரு எழுத்தைக் காட்டிக் கீச்சென்று கத்தியது. குண்டுச்சட்டியை வைத்தேன். அதற்கும் அதே கத்தல். கழற்றிப் பார்த்தேன். உள்ளே எல்லாம் ஒழுங்காகத்தான் இருக்கிறது. திரும்ப மாட்டியதில் ஒரு திருகாணி மிஞ்சிவிட்டது.

ஒரு டம்ளர் அரிசிக்கு எத்தனை டம்ளர் தண்ணீர் என்பதைத் தகவலுக்காகக் கேட்டுக்கொள்கிறேன். இதை உதவி கோருவதாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

இப்படிக்கு,
மாடி.


கீழ்த்தளம்,
7-ஆம் தேதி, சனி.

அன்புள்ள ரீடிங் சாருக்கு,

உங்கள் கடிதத்தை ரவிக்கை அளவு கொடுக்க வந்த டீச்சரம்மா முன்னால் படித்துத் தொலைத்தேன். சிரிப்பை அடக்கப் போய் வாயிலிருந்த குண்டூசி கீழே விழுந்துவிட்டது.

அடுப்புக்கு ஒன்றும் இல்லை. அந்தக் குக்கர் அலுமினியம். காந்தம் ஒட்டுகிற பாத்திரம்தான் இண்டக்‌ஷனில் சுடும். நான் குண்டூசி பொறுக்கும் காந்தத்தை இத்துடன் கட்டி அனுப்புகிறேன். பாத்திரத்தின் அடியில் வைத்துப் பாருங்கள், ஒட்டினால் அடுப்பில் வையுங்கள். அடி தட்டையாகவும் இருக்க வேண்டும். குண்டுச்சட்டியில் குதிரை வேண்டுமானால் ஓட்டலாம், இண்டக்‌ஷனில் வைக்க முடியாது. ஊர் உலகத்தின் மீட்டரையெல்லாம் பார்த்தவருக்கு ஒரு சட்டியின் அடியைப் பார்க்கத் தெரியவில்லை.

என் சின்ன ஸ்டீல் குக்கரைப் படியில் வைத்திருக்கிறேன். ஒன்றுக்கு இரண்டு தண்ணீர். அடுப்பைப் போட்டுவிட்டு வெங்காயம் நறுக்க உட்காராதீர்கள். எல்லாவற்றையும் நறுக்கி வைத்துக்கொண்டு அப்புறம் போடுங்கள். திறந்த பாத்திரத்தில் எதையும் கொதிக்க வைக்காதீர்கள். மூடி போட்டால் பாதி நேரம் மிச்சம். கொதி வந்ததும் வேகத்தைக் குறையுங்கள். கொதிக்கிற தண்ணீரை மேலும் அடித்து எழுப்பினால் அரிசி சீக்கிரம் வெந்துவிடாது. ஒரு ஆளுக்குப் பெரிய பாத்திரம் எடுக்காதீர்கள். எல்லாவற்றுக்கும் முன்னால், மிஞ்சின திருகாணியைத் தெரிந்தவரைக் கூப்பிட்டு மாட்டச் சொல்லுங்கள். அதுவரை அடுப்பில் கை வைக்க வேண்டாம்.

எதிரிக்கு ஆயுதம் கொடுக்கிறேனே என்று பார்க்கிறீர்களா? பட்டினி கிடக்கிறவரைத் தோற்கடித்து எனக்கு என்ன பெருமை?

இப்படிக்கு,
கீழ்த்தளம்.


மாடி அறை,
12-ஆம் தேதி, வியாழன்.

அம்மையாருக்கு,

திருகாணி மாட்டப்பட்டது. காந்தம் பயன்பட்டது. நன்றி.

கடந்த நான்கு நாட்களாக என் சப்-மீட்டரின் ரீடிங் நாளுக்குச் சராசரி 0.2 யூனிட். திரும்பப் படிக்கவும்: 0.2. இதில் விளக்கும் மின்விசிறியும் அடக்கம். உன் அடுப்பு ஒரு வேளைக்கே இதைவிட அதிகம் தின்னும். மூடி, நறுக்கல், பாத்திர அளவு என்று எனக்குப் பாடம் எடுத்தாய். குருவை மிஞ்சிய சீடன் என்று கேள்விப்பட்டிருப்பாய். இப்போது மாடியில் பார்க்கலாம்.

முப்பதாம் தேதி மன்னிப்பை வாய்மொழியாகக் கேட்டால் போதும், எழுத்தில் வேண்டாம். நான் பெருந்தன்மையானவன்.

இப்படிக்கு,
மாடி.


கீழ்த்தளம்,
14-ஆம் தேதி, சனி.

அன்புள்ள ரீடிங் சாருக்கு,

இரண்டு மீட்டரும் மாடிப்படிக்கு அடியில், என் தையல் மெஷினுக்கு எதிரில்தான் இருக்கின்றன. அதை நீங்கள் மறந்துவிட்டீர்கள். அதில் ஒரு சிவப்பு விளக்கு இருக்கிறதே, கரண்ட் ஓட ஓட அது மின்னும் என்று எனக்குக் காட்டிக்கொடுத்ததும் நீங்கள்தான். ஆறரை மணிக்கு நான் ஊசியில் நூல் கோக்கிற சாக்கில் உங்கள் விளக்கையே பார்த்துக்கொண்டிருப்பேன். என் குக்கர் வந்த முதல் நாள் சடசடவென்று மின்னியது. சோறு வைக்கிறார் என்று நினைத்தேன். எட்டாம் தேதியிலிருந்து கொஞ்ச நேரம் மின்னிவிட்டுத் தூங்கிவிடுகிறது. அந்த மின்னலுக்கு ஒரு டம்ளர் பால்தான் காயும்.

நேற்று பேக்கரிக்காரர் என்னைத் தெருவில் நிறுத்தினார். "சாருக்கு ஒடம்பு சரியில்லையாம்மா? ஒரு வாரமா ரெண்டு வேளையும் பன்னுதான் வாங்குறாரு" என்றார். எனக்கு ஒரே சிரிப்பு. கல்லைத் தின்றாலும் தின்பாரே தவிர தோற்க மாட்டார் என்று மகளிடம் போனில் சொல்லிச் சிரித்தேன்.

ஆனால் மாலை ஆறரைக்கு அந்த விளக்கு மின்னாமல் கிடந்தபோது எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. ஆள் இல்லாத வீட்டுக்கு நீங்கள் 'பூட்டிய வீடு' என்று எழுதிவிட்டு வருவீர்களே, உங்கள் 0.2 அந்த ரீடிங்தான். மீட்டர் பொய் சொல்லாது என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தவர் நீங்கள். ஒழுங்காகச் சமைத்துச் சாப்பிடுங்கள். தோற்றால் தோற்றுவிட்டுப் போங்கள். நான் விளக்கைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

இப்படிக்கு,
கீழ்த்தளம்.


மாடி அறை,
16-ஆம் தேதி, திங்கள்.

கீழ்த்தளத்துக்கு,

தங்கள் 14-ஆம் தேதிக் கடிதத்துக்கு விளக்கம்: பன் உண்மை. முதல் நாள் சோறு கஞ்சியானது, அன்றே மறுபடி வைத்தது அடிப்பிடித்தது, அதன் பிறகு பேக்கரி. 0.2 என்ற ரீடிங் ரத்து செய்யப்படுகிறது.

இரண்டு கிலோ கடலை வாங்கியிருக்கிறேன். நாளை முதல் ஒரு சோதனை. முடிவு தெரியும்வரை எழுத மாட்டேன்.

மாடி.


கீழ்த்தளம்,
24-ஆம் தேதி, செவ்வாய்.

அன்புள்ள உங்களுக்கு,

எட்டு நாளாக ஒரு வரி இல்லை. துணிக் கிளிப் காற்றில் ஆடிக்கொண்டிருக்கிறது. ஆனால் விளக்கு மட்டும் தினமும் மின்னுகிறது. மூன்று விசில் கேட்கிறது, நின்றுவிடுகிறது. எப்போதும் மூன்றேதான். என்னைக் கேலி செய்கிறீர்களா, என்னவென்று புரியவில்லை.

தங்கை இருபத்தெட்டாம் தேதி வேன் அனுப்புவதாகச் சொல்கிறாள். நான் இன்னும் சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. அண்ணன் நேற்று பேசினார், உங்களைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவர் கேட்காததுதான் எனக்கு வலித்தது. நீங்கள் கெட்டவர் இல்லை. எனக்குக் காய்ச்சல் என்றால் என் நெற்றியைவிட உங்கள் கைதான் அதிகம் சுடும். ஆனால் தப்பு என்ற வார்த்தை உங்கள் வாயில் மற்றவர்களுக்காக மட்டும்தான் இருக்கிறது. அதோடு இன்னும் முப்பது வருடம் என்னால் ஓட்ட முடியாது என்று தோன்றுகிறது.

மாடி அலமாரியின் மேல் என் பச்சைப் பெட்டி இருக்கிறது. அதை இறக்கிப் படியில் வைத்துவிடுங்கள். தூசி தட்ட வேண்டாம், உங்களுக்குத் தும்மல் வரும்.

இப்படிக்கு,
கீழ்த்தளம்.


மாடி அறை,
26-ஆம் தேதி, வியாழன், மதியம்.

அன்புள்ள உனக்கு,

பெட்டியை இறக்கினேன். தூசி தட்டினேன். பதினோரு தும்மல். ஆனால் படியில் வைக்கவில்லை. இதைப் படித்த பிறகும் வேண்டும் என்றால் வைக்கிறேன்.

சோதனையின் முடிவு இதுதான். எட்டு நாளில் நான்கு நாள் கடலையை ராத்திரியே ஊறப்போட்டேன். நான்கு நாள் காலையில்தான் போட்டேன், இரண்டு மணி நேரம் ஊறியது. எட்டு நாளும் மூன்றாவது விசிலில் அணைத்து, ஆவி தானாக அடங்கிய பிறகுதான் திறந்தேன். ராத்திரி ஊறியது நான்கு நாளும் மெத்தென்று வெந்தது. இரண்டு மணி நேரம் ஊறியது நான்கு நாளும் மச்சானின் பல்லை நினைவுபடுத்தியது. எல்லாவற்றையும் நானே தின்றேன். என் வயிற்றைப் பற்றி இங்கே எழுத விரும்பவில்லை.

உனக்குப் புரியும். ராத்திரி ஊறிய கடலைக்கு மூன்று விசிலே போதும். இந்த முடிவு செவ்வாயன்று கையில் கிடைத்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை. உனக்கு எழுதப் பேனாவை எடுத்தேன். அப்போதுதான் உன் பச்சைப் பெட்டிக் கடிதம் வந்தது. பேனாவை வைத்துவிட்டேன்.

நேற்று குக்கரை இறக்கி ஐந்து நிமிடம் கழித்து அடுப்புக் கண்ணாடியைத் தொட்டுப் பார்த்தேன். நம் பழைய சுருள் அடுப்பாக இருந்தால் கை வெந்திருக்கும். இது வெதுவெதுப்போடு சரி. இந்த அடுப்புக்கென்று சொந்தமாகச் சூடு கிடையாது. இருப்பதெல்லாம் பாத்திரத்தின் சூடு. சுருள் அடுப்பின் பழக்கத்தில் நான் இதன் தலையிலும் மூன்று விசிலைக் கட்டியிருக்கிறேன். சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்.

நீ ராத்திரியே ஊறப்போட்டதாக நான்காம் தேதி எழுதியிருக்கிறாய். அதை நான் சரிபார்க்கப் போவதில்லை. உன்னைக் கேட்காமல் அணைத்தது நான். அது ரீடிங். மற்றதெல்லாம் உத்தேசம். உன் சொந்தக்காரர்கள் முன்னால் உன்னை அப்படிச் சொன்னேனே, அதை அளக்க மீட்டரே தேவையில்லை. ஆகவே என் மூன்றாம் தேதிக் கடிதத்தை எடுத்துக் கீழ்க்கண்டவாறு திருத்திக்கொள்ளவும்.

ஒரு கோடு போட்டு அடிக்க வேண்டியது: 'கடலை சரியில்லை.'
பக்கத்தில் எழுத வேண்டியது: 'கடலையில் குற்றமில்லை. அணைத்தவன் நான். தப்பு என்னுடையது. திருத்தப்பட்டது.'
சுருக்கொப்பத்தை இங்கேயே வைத்திருக்கிறேன்.

இதை நேற்று மச்சானுக்குப் போன் போட்டு வாசித்தேன் (சார்ஜ் ஏற்றித்தான்). இருபத்தொன்பது வருடத்தில் போடாத கோடு என்பதால் இரண்டு முறை வாசித்தேன். அவர், "புதுப் பல்லு பழசவிட எடுப்பா இருக்கு மாப்ள, விடுங்க" என்றார்.

இன்று மாலை ஆறரைக்கு என் விளக்கு மின்னாது. பயப்படாதே, பன்னும் வாங்கவில்லை. மாடி அடுப்பைக் கழற்றிவிட்டேன். பசியோடு மேல்படியில் உட்கார்ந்திருப்பேன். பெட்டியும் பக்கத்தில் இருக்கும். எது வேண்டும் என்று நீதான் சொல்ல வேண்டும்.

இப்படிக்கு,
உன் வீட்டுக்காரன்.


கீழ்த்தளம்,
26-ஆம் தேதி, மாலை.

அன்புள்ள என் வீட்டுக்காரருக்கு,

அண்ணன் நேற்றே போன் செய்துவிட்டார். "மாப்ள தப்புன்னு சொன்னாரும்மா. ஒடம்புக்கு ஏதாவதா?" என்று பதறிப்போய்க் கேட்டார். நீங்களே எழுதுகிறீர்களா என்று பார்க்கத்தான் நானும் வாயை மூடிக்கொண்டிருந்தேன். உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். மூன்றாவது முறை எழுத்து தெரியவில்லை, கண் மறைத்துவிட்டது.

உங்கள் சோதனையில் எங்கும் பிழை இல்லை. அது எனக்கு எட்டு நாள் முன்பே தெரியும். மூன்று விசிலில் நீங்கள் ஏன் நிறுத்துகிறீர்கள் என்று தெரிந்தேதான் 'புரியவில்லை' என்று எழுதினேன். முடிவு தெரிந்தும் நீங்கள் கோட்டை உங்கள் பக்கம் போட்டுக்கொண்டீர்கள். அதைப் பார்த்த பிறகு நான் சும்மா இருந்தால் நன்றாக இருக்காது. என் நான்காம் தேதிக் கடிதத்தையும் எடுங்கள்.

ஒரு கோடு போட்டு அடிக்க வேண்டியது: 'ராத்திரியே ஊறப்போட்டேன்' (இரண்டு இடத்தில்).
பக்கத்தில் எழுத வேண்டியது: 'அண்ணன் வருகிற சந்தோஷத்தில் மறந்துவிட்டேன். காலை ஒன்பது மணிக்குத்தான் ஞாபகம் வந்தது. திருத்தப்பட்டது.'
சுருக்கொப்பம் வைத்துவிட்டேன். பாருங்கள், பழையது தெரிகிறது.

வேன் அனுப்ப வேண்டாம் என்று தங்கையிடம் சொல்லியாயிற்று. பெட்டியை அது இருந்த இடத்திலேயே வையுங்கள். ஆறே காலுக்கே சாதம் வைத்து, மூடி போட்டு, உங்கள் முறைப்படி இரண்டு நிமிடம் முன்னதாகவே அணைத்துவிட்டேன். குக்கரின் சூடு உங்களுக்காகக் காத்திருக்கிறது. அது அடங்குவதற்குள் இறங்கி வாருங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வீட்டுக்காரி.

பி.கு.: என் திருத்தத்தை அண்ணனுக்கு வாசித்துக் காட்ட வேண்டாம். போனுக்குச் சார்ஜ் வீண்.